ஏழாம் பாடலில் கேட்ட மணியோசை

ஒரு ஆல்பத்தைக் கேட்ட கையோடு கருத்துச் சொல்லுகிறவனை நான் மனுஷனாகவே மதிப்பதில்லை. பாட்டு வெளியான சூடு ஆறுவதற்குள் 'வேற லெவல்' என்று எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்கு ஓடிவிடுகிறான். நான் அப்படியில்லை. பஸ்ஸில் ஒரு தடவை, படுக்கையில் ஒரு தடவை, பசியோடு ஒரு தடவை கேட்பேன். பசியோடு கேட்கும்போதும் பிடித்தால்தான் அது பாட்டு. மற்றதெல்லாம் சத்தம்.

என் பெயர் டில்லிபாபு. வீடு எம்.கே.பி. நகர். வேலை கல்மண்டபத்தில், மீன்வலைக் கடைக்கு மாடியில் இருக்கும் 'சில்வியா துப்பறியும் நிலைய'த்தில். மிச்ச நேரத்தில் 'கிழிஞ்ச ஸ்பீக்கர்' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். சினிமாவில் வராத பாட்டு, கம்பெனி எதுவும் தொடாத புது ஆல்பம், யார் வீட்டுப் பரணிலோ கிடந்த பழைய கேசட், இவை மட்டும்தான் அதில். பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்களிலும் பாதிப் பேர் என்னைத் திட்டுவதற்காகவே வருகிறார்கள். வரட்டும், திட்டுகிறவன்தான் முழுசாகக் கேட்கிறான்.

அந்த வாரம் நான் பேசியது 'சாம்பல்' என்ற ஆல்பத்தைப் பற்றி. எண்ணூரைச் சேர்ந்த ஜெரி என்ற இளைஞன் தன் வீட்டு அறையிலேயே செய்தது. அனல் மின் நிலையத்தின் இரைச்சல், கன்டெய்னர் லாரியின் பிரேக், நிலக்கரி போகும் பெல்ட்டின் தடதடப்பு எல்லாவற்றையும் பிடித்துத் தாளமாக்கியிருந்தான். மூன்றாவது பாட்டில் மட்டும் குரலை மெஷினில் போட்டுப் பிழிந்து தொலைத்திருந்தான். அதற்காக அவனை வீடியோவில் நன்றாகவே காய்ச்சினேன். ஏழாவது பாட்டுக்கு வந்ததும் என் வாய் அடைத்துவிட்டது.

அது ஒரு பெண்ணின் குரல். பழைய கேசட்டிலிருந்து எடுத்தது. சாவு வீட்டில் பாடுகிற கானா. கூடவே தகர டப்பாவில் விரல் தட்டுகிற சத்தம், அவ்வளவுதான்.

*அலை போனா உப்பு கீது*
*அடுப்பணைஞ்சா சாம்பல் கீது*
*ஆளு போனா இன்னா கீது*
*அத்த மட்டும் சொல்லிடு*

நாலாவது வரிக்குப் பிறகு எங்கோ தூரத்தில் ஒரு மணி அடிக்கிறது. அந்த இடத்தில் மணியைக் கொண்டுவந்து வைத்த ஜெரியின் ரசனைக்கு நான் வீடியோவிலேயே எழுந்து நின்று ஒரு சலாம் போட்டேன்.

என் முதலாளி சில்வியா அக்காவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஊரில் பாதி வீட்டுக் கல்யாண விசாரணை அவர் ஸ்கூட்டரில்தான் ஓடுகிறது. முழு ஆல்பத்தையும் அவரைக் கேட்க வைத்தேன். பவர் ஹவுஸ் பக்கத்தில் குடியிருந்தாற்போல இருக்கிறது, இதற்கு எதற்கு ஹெட்போன் என்று கேட்டார்.

வீடியோ போட்ட மறுநாள் காலையிலேயே ஒரு பெண் ஆபீசுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். மெட்ரோ ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டரில் வேலை, யூனிபாரத்தோடுதான் வந்திருந்தாள். பெயர் ரமாபாய், ஊர் புளியந்தோப்பு. உட்காரச் சொன்னோம். உட்காராமல் கைபேசியை எடுத்து என் வீடியோவைப் போட்டாள். ஏழாவது பாட்டு வந்ததும் நிறுத்தினாள்.

"இது எங்கம்மா கொரலு" என்றாள்.

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அம்மா கெங்கம்மா சாவு வீடுகளில் பாடுகிறவள். அப்பா நீலமேகம் மூட்டை தூக்கும் தொழிலாளி. குடித்தால் மிருகம். சுனாமிக்கு அடுத்த மழைக்காலத்தில், ரமாபாய் ஐந்தாவது படிக்கும்போது, பெரியம்மா வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தாள். வீட்டில் அம்மா இல்லை. உடைந்த வளையலும் நிலைவாசலில் ரத்தமும்தான் இருந்தன. போலீஸ் அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. வீட்டின் பின்பக்கம் தோண்டிப் பார்த்தார்கள். எதுவும் கிடைக்காததால் சில மாதத்தில் விட்டுவிட்டார்கள். ஆனால் தெரு விடவில்லை. கொலைகாரன் என்றே பெயராகிவிட்டது. பெரியம்மா வீட்டிலேயே வளர்ந்த ரமாபாய், அப்பா எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவாள்.

"கொல்லலைன்னு ஒருதபா கூட அவரு சொன்னதில்ல, அக்கா. யார் கேட்டாலும் தலைய குனிஞ்சுக்குவாரு. அதனாலதான் நானும் நம்புனேன்."

இப்போது நீலமேகம் அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கல்லீரல் போய்விட்டது. இன்றோ நாளையோ என்கிறார்கள். மகள் கையால் ஒரு வாய் தண்ணீர் வேண்டும் என்று நர்சிடம் சொல்லிச் சொல்லி அனுப்புகிறார்.

"எங்கம்மாவ கொன்னவருன்னா நான் போவ மாட்டேன். அது நெச்சயம்" என்றாள். "ஆனா இந்தப் பாட்டு எப்போ பாடுனதுன்னு தெரியணும். அம்மா காணாமப் போனதுக்கு அப்பால பாடிகீதுன்னா, அவரு கொல்லல. அத்த மட்டும் கண்டுபிடிச்சு குடுங்க. அவரு கண்ணு மூடறதுக்குள்ள."

அவள் அழவில்லை.  சில்வியா அக்கா ஹெல்மெட்டை எடுத்தார்.  நான் சலாம் போட்ட பாட்டுக்குள் ஒருத்தியின் அம்மா இருக்கிறாள் என்பது தெரியாமல்தான் அத்தனை பேசியிருக்கிறேன்.

எண்ணூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே புகுந்து ஜெரியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் சட்டை சாம்பல் கலரில் இருந்தது. ஆல்பத்துக்குப் பெயர் வைக்க அவன் ரொம்ப யோசித்திருக்க மாட்டான் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

சின்ன வீடு. முன்அறையில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி ஸ்டுடியோவாக்கியிருந்தான். என்னை அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தான். அடுத்த நொடி மூன்றாவது பாட்டு ஞாபகம் வந்து முகத்தைச் சுருக்கிக்கொண்டான். அம்மா டீ போடுகிறார்கள், குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றான். எதற்காக வந்தோம் என்பதை அக்கா சொல்லவில்லை. ஏழாவது பாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கேசட் அவன் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்ததாம். கேட்டதற்கு ஏதோ சாவு வீட்டில் பாடின பெண் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை. நான் என் பங்குக்கு அந்த மணியைப் பாராட்டி நாலு வார்த்தை எடுத்துவிட்டேன்.

"மணிய நான் வெக்கல மாமு" என்றான் ஜெரி. "டேப்புலயே கீது. எடுக்கலாம்னு பாத்தேன், கொரலும் சேந்து போவுது. வுட்டுட்டேன்."

"போட்ட சலாத்த திருப்பி வாங்கிக்கோ" என்றார் அக்கா என்னிடம்.

இஞ்சி டீ வாசனை கதவருகே வந்தது. அதே சமயம் ஜெரி பெரிய ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டான். கைபேசியில் கேட்டதெல்லாம் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் குரல் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அழுகிற குரல் இல்லை. அழுது முடித்த குரல். எத்தனையோ அபூர்வ ஒலிப்பதிவைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறேன், காசு கொடுத்து ஏமாந்திருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. 

பாட்டு முடிந்ததும் வீட்டில் வேறு யாராவது பாடுவார்களா என்று அக்கா கேட்டார். ஜெரி சிரித்தான். அப்பா அம்புரோஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அந்தச் சத்தத்தில் காதே போய்விட்டது. அம்மாவோ மாதா கோயிலில் ஊரே பாடும்போதுகூட வாயைத் திறக்க மாட்டார்கள், சும்மா நிற்பார்கள் என்றான். இசை எங்கிருந்து தனக்கு வந்தது என்பது வீட்டில் யாருக்கும் புரியாத அதிசயம் என்பது அவன் பெருமை.

அப்போதுதான் டீ வந்தது. கொண்டுவந்த அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். நரைத்த தலை, கழுத்தில் ஜெபமாலை. பெயர் இருதயம்மாள் என்று ஜெரி அறிமுகப்படுத்தினான். அவர் எங்களை நிமிர்ந்து பார்க்காமலே தட்டை வைத்துவிட்டுப் போனார். என் டம்ளரில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. ஆடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மரியாதைக்காகக் குடித்தேன்.

அம்புரோஸ் பின்பக்கத்திலிருந்து வந்தார். கட்டுமஸ்தான பெரியவர். அக்கா காதருகே போய்க் கத்திக் கேட்க வேண்டியிருந்தது, அந்தக் கேசட் எப்போது பதிவு செய்தது என்று. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

"சுனாமிக்கு அடுத்து வந்துச்சே பெரிய வெள்ளி, அன்னிக்கும்மா. போர்ட் லீவு. பக்கத்துத் தெருவுல ஒரு சாவு. பாட வந்த பொம்பளய வெளிய நின்னு டேப்புல புடிச்சேன். அதுக்கு அப்பால அந்தம்மாவ நான் பாக்கவே இல்ல."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பெரிய வெள்ளி, அதாவது குட் ஃப்ரைடே, வருவது கோடையின் ஆரம்பத்தில். கெங்கம்மா காணாமல் போனது அதற்குப் பின்னால் வந்த மழையில். அப்படியென்றால் இந்தக் கேசட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அக்கா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். நானும் வந்தேன்.

ரமாபாய்க்கு என்ன சொல்வது என்று தெரியாமல் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். வாய் சும்மா இருக்காதே, வீட்டுக்கு வந்தவனுக்குச் சூடாக ஒரு டீகூடக் கிடைக்கவில்லை என்று முணுமுணுத்தேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அந்த மணி வருகிற இடத்தை மறுபடி போடச் சொன்னார். ஒலியைக் கூட்டிக் காதோடு வைத்துக் கேட்டார். மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மறுபடி மூன்று, இடைவெளி. மறுபடி மூன்று. அப்புறம் விடாமல் அடிக்கிறது.

அது மத்தியான ஜெபத்துக்குக் கோயிலில் அடிக்கிற மணி, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றார் அக்கா. சரி, எண்ணூரில் கோயில் இல்லையா, அடித்திருப்பார்கள் என்றேன் நான்.

"பெரிய வெள்ளி அன்னிக்கா?"

எனக்கு விளங்கவில்லை. அக்கா விளக்கினார். பெரிய வியாழன் சாயங்காலப் பூசையோடு கோயில் மணிக்கு வாய்ப்பூட்டு. சனிக்கிழமை ராத்திரி ஈஸ்டருக்கான பாஸ்கா பூசையில்தான் மறுபடி அடிப்பார்கள். நடுவில் எந்தக் கோயிலிலும் மணிச் சத்தமே கேட்காது. ஆளைக் கூப்பிட மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சின்ன வயதில் அந்தக் கட்டையைத் தட்டுவதற்காக அக்கா தன் தம்பியோடு மண்டை உடையச் சண்டை போட்டிருக்கிறாராம்.

இது அம்புரோசுக்குத் தெரியாதா, அவரும் கிறிஸ்தவர்தானே என்றேன்.

"பெரிய வெள்ளில மணி இல்லன்றது அவருக்குத் தெரியும். டேப்புல மணி கீதுன்றதுதான் தெரியாது" என்றார் அக்கா. "அந்த மணி அவரு காதுல வுய்ந்ததே இல்ல. லீவு நாளா பாத்து ஒரு தேதி சொன்னாரு, டேப்பு அவர காட்டிக் குடுத்துடுச்சு. இன்னொன்னு பாத்தியா? எதுக்கு வந்தோம்னு நாம வாயே தொறக்கல. மனுசன் தேதியோட ரெடியா கீறாரு."

ஒரு மனிதர் எதற்காக ஒரு பாட்டின் தேதியை மறைக்க வேண்டும்? என் மூளையும் அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தது. இதில் எனக்குத் தெரிந்தது அக்காவுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்துச் சாவு வீட்டு கானாவில் செத்தவர் பெயர் வராமல் இருக்கவே இருக்காது. பெயர், தெரு, பெற்ற பிள்ளை, கட்டினவன் எல்லாம் வரும். அதற்குத்தான் பாடுகிறவரைக் கூப்பிடுவதே. பெயர் வராவிட்டால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஏழாவது பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அதில் ஒரு பெயரும் இல்லை. அப்படியென்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

ஜெரிக்குப் போன் போட்டேன். அவன் உடனே ஒப்புக்கொண்டான். யாரோ செத்தவருடைய பெயரை ஆல்பத்தில் போட்டு விற்பது மரியாதையில்லை என்று ஆரம்பப் பகுதியை எடுத்துவிட்டானாம். மூன்றாவது பாட்டுக்காக அவனைத் திட்டியதற்கு அப்போது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. வெட்டாத முழுப் பதிவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். முனையில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டோம்.

*பொறந்த எடம் புளியந்தோப்பு*
*பூத்துப்போன பூவரசு*
*தேடாதடி ரமா கண்ணு*
*செத்துப்போனா கெங்கம்மா*

*ஒன் நைனாவ ஏத்திகினு*
*ஓடிப்போச்சு போலீசு*
*பொணமில்லாத சாவுக்கு*
*பாட்டு மட்டும் மிச்சமே*

டீக்கடை ரேடியோ, லாரி, எல்லாச் சத்தமும் எனக்கு அடங்கிப்போயின. கெங்கம்மா செத்துவிட்டாள். அவள் செத்தது தெரிந்து ஒருத்தி இங்கே உட்கார்ந்து பாடியிருக்கிறாள். அப்போது நீலமேகம்தான் கொன்றிருக்கிறார். ரமாபாய் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். 

அக்கா இயர்போனைக் கழற்றினார். "பாடறது யாரு டில்லி?" என்று மெதுவாகக் கேட்டார்.

 குரல் கெங்கம்மாவுடையது. பெற்ற மகளே அடையாளம் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் தன் சாவுப் பாட்டைத் தானே பாடியிருக்கிறாள். புருஷனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதுவரை அதில் இருக்கிறது. காணாமல் போன பிறகு பாடிய பாட்டு.

அவர் கொல்லவில்லை என்று கத்தியபடி நான் எழுந்தே விட்டேன். உடனே ரமாபாய்க்குப் போன் போட்டேன். அவள் இருப்புக்கொள்ளாமல் எங்கள் பின்னாலேயே புறப்பட்டு மெட்ரோவில் விம்கோ நகர்வரை வந்துவிட்டிருந்தாள். ஷேர் ஆட்டோ பிடித்து இங்கே வந்துவிடு என்று அக்கா போனை வாங்கிச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அங்கே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லாமல் இங்கே எதற்கு வரச் சொல்கிறீர்கள் என்று சண்டைக்கே போனேன். டேப் சொல்வதை வைத்து அவள் அப்பா முன்னால் போய் நிற்கக் கூடாது, ஆள் சொல்ல வேண்டும் என்றார் அக்கா. எந்த ஆள் என்று கேட்டேன். அவர் மறுபடி ஜெரி வீட்டை நோக்கி நடந்தார்.

இந்தத் தடவை நேராகப் பின்கட்டுக்குப் போனோம். இருதயம்மாள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். அம்புரோஸ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். ஜெரியும் சத்தம் கேட்டு வந்து கதவருகே நின்றான்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எதற்காக நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அப்போது கோயில் மணி அடித்தது. மூன்று, இடைவெளி. மூன்று, இடைவெளி. மூன்று. அப்புறம் விடாமல். ஏழாவது பாட்டில் கேட்ட அதே மணி, அதே தூரத்தில்.

"அந்தப் பாட்டு சாவு வூட்டுல பாடுனதில்ல. இந்த எடத்துல பாடுனது" என்றார் அக்கா.

அம்புரோசுக்கு மணியும் கேட்கவில்லை, அக்கா சொன்னதும் கேட்கவில்லை. இருதயம்மாளின் கையிலிருந்த டம்ளர்தான் நழுவியது. அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பாட்டு ஆரம்பிக்கறப்போ டீ கதவாண்ட வந்துடுச்சும்மா. வாசன அடிச்சுது. ஆனா பாட்டு முடிஞ்சு ஆடை கட்டுனதுக்கு அப்பாலதான் உள்ள வந்துச்சு. அவ்ளோ நேரமும் அங்கியே நின்னுகினு இருந்தீங்க, இல்ல?" அக்காவின் குரல் தணிந்தது. "கெங்கம்மா."

அந்தப் பெயரைக் கேட்டதும் அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இல்லை என்று சொல்லக்கூட முயற்சி செய்யவில்லை.

அவர் சொன்னது அறுந்து அறுந்து வந்தது. அன்று நீலமேகம் அடித்த அடியில் மண்டை உடைந்தது. பிழைத்தால் போதும் என்று ஓடினார். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு அம்புரோசின் மனைவி இறந்தபோது கெங்கம்மாதான் வந்து பாடியிருந்தார். அந்தப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வீடு அதுதான். வந்தவரை நாலு வயது ஜெரி காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. காயம் ஆறியதும் போய் ரமாவைக் கூட்டி வந்துவிடலாம் என்றிருந்தார். அதற்குள் நீலமேகத்தைப் போலீஸ் பிடித்தது. வெளியே வந்து நின்றால் அவன் விடுதலையாவான், விடுதலையானால் தன்னை விட மாட்டான் என்று பயந்தார். பிறகு நீலமேகத்தை விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. அப்போதும் போகவில்லை.

"நாளைக்கு, நாளைக்குன்னே நெனச்சேன்" என்றார். "நாளாவ நாளாவ எந்த மூஞ்ச வெச்சிகினு போறது?"

ஒரு மத்தியானம் இந்தப் பின்கட்டில் உட்கார்ந்து தனக்குத் தானே சாவுப் பாட்டுப் பாடி முடித்தார். அப்புறம் ஞானஸ்நானம், புதுப் பெயர். அதற்குப் பிறகு பாடவே இல்லை. ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அம்புரோஸ் அதைப் பதிவு செய்தது அவருக்குத் தெரியாது. மகனுடைய ஸ்பீக்கரில் தன் குரலைக் கேட்ட அன்றுதான் தெரிந்தது. அம்புரோஸ் எங்கள் முகங்களைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டார். தன் காது போய்க்கொண்டிருந்ததாகவும், அதற்கு முன்னால் நல்லதாக ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதாகவும், வேறு தப்பு எதுவும் செய்யவில்லை என்றும் சத்தமாகச் சொன்னார். ஜெரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாவம், அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

"எம் பொண்ணாண்ட கெங்கம்மா செத்துட்டான்னு சொல்லிடும்மா" என்று அந்த அம்மா அக்காவின் கையைப் பிடித்தார். அக்கா வேலிப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். ரமாபாய் அங்கே நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது, ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

உள்ளே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஜெரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"நைனாவ போலீஸ் இட்டுகினு போனது ஒனக்குத் தெரியும். வுட்டதும் தெரியும்" என்றாள். "தெருவே அவர கொலகாரன்னு சொன்னது தெரியுமா?"

தெரியும் என்பதுபோல் அந்த அம்மா தலையை அசைத்தார்.

"அவரு அடிச்சாரு. நான் பாத்துகீறேன். நீ ஓடுனது தப்பில்லம்மா." அம்மா என்று சொன்னபோது அவள் குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டாள். "ஆனா நானும் ஒருதபா அவர கொலகாரன்னு கூப்ட்டேன். மூஞ்சிக்கு நேரா நின்னு. அத்த எங்க கொண்டு போய் வெக்கறது?"

அந்த அம்மா எழுந்து கையை நீட்டினார். ரமாபாய் பின்னால் நகர்ந்தாள்.

"கெங்கம்மாவுக்கு நீயே பாடி முடிச்சிட்ட. நல்லாத்தான் பாடிகீற. அது அப்டியே இருக்கட்டும்."

அவ்வளவுதான் பேசினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். அக்கா என்னை அங்கேயே இருக்கச் சொன்னார். அந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாதுதான்.

ஜெரி முன்அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தான். ஏழாவது பாட்டை எடுத்துவிடட்டுமா என்று என்னைக் கேட்டான். என் வேலையே அபிப்பிராயம் சொல்வது. அன்று எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. அது உன் அம்மா பாட்டு, அவரைக் கேள் என்றேன். என் வீடியோவை நான் எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. பின்கட்டில் எல்லாரும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தோம், யாரும் சாப்பிடவில்லை. ஸ்பீக்கரில் போடச் சொல்லி அந்த அம்மா கையைக் காட்டினார். போட்டேன்.

ரமாபாய் போய்ச் சேர்ந்தபோது நீலமேகத்துக்கு நினைவு இருந்ததாம். தண்ணீர் கொடுத்தாளாம். குடித்தாராம். அவர் காதருகே குனிந்து, அம்மா உசிரோட கீறா நைனா, நான் பாத்துட்டுதான் வரேன் என்று சொன்னாளாம்.  அக்கா அழுது நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"அன்னிக்குக் குடிச்சிருந்ததுல அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல டில்லி. காலைல எய்ந்து வாசல்ல ரத்தத்த பாத்தாரு, அவ்ளோதான். இருவது வருசமா தானேதான் கொன்னுட்டோம்னு நெனச்சிகினு இருந்திருக்காரு. 'நான் கொல்லலியா, நான் கொல்லலியா'ன்னு கேட்டுகினே இருந்தாரு. இப்பதான் போனாரு."

போனை அணைத்தேன். அந்த அம்மா வாயைத் திறந்தார். பாடப் போகிறார் என்று நினைத்தேன். சத்தமே வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்புரோஸ் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனில் என்ன சொன்னார்கள் என்று உரக்கக் கேட்டார். மறுபடி கேட்டார். அவர் காதில் விழும்படி அதை இன்னொரு தடவை சொல்ல எங்களில் யாராலும் முடியவில்லை.